தெருக் கச்சேரிக்கு விமர்சனம் எழுதினேன். இப்போ எடுத்துடணுமா?

பத்திரிகை அட்டை எழுதியது:

வணக்கம். ஒரு குழப்பம், யோசனை சொல்லுங்க. கொஞ்சம் நீளம்தான்.

நான் பழைய வண்ணாரப்பேட்டை. வேலை ஆண்டர்சன் தெருவுல, கல்யாணப் பத்திரிகை விக்கிற கடையில பில்லும் கணக்கும். ஒன்பது வருஷமா கச்சேரி பத்தியும் டிவி பாட்டு நிகழ்ச்சி பத்தியும் நெட்டுல எழுதிட்டு வர்றேன். யாரும் காசு குடுக்கறதில்ல, எழுதுன்னு யாரும் கேக்கறதுமில்ல. சங்கீதம் முறையா கத்துக்கவும் இல்ல. காது மட்டும்தான். அதுவும் அப்பா குடுத்தது. அவர் பேசின் பிரிட்ஜ் யார்டுல ரயில் பெட்டிச் சக்கரத்தை நீளக் காம்புச் சுத்தியால தட்டிப் பாக்கற வேலை செஞ்சவர். நல்ல சக்கரம் மணி மாதிரி கணீர்னு இழுக்கும். விரிசல் விட்டது 'டொக்'குன்னு அங்கயே செத்துடும். சின்ன வயசுல வீட்டுல இருக்கற சொம்பு, டம்ளர், ஜன்னல் கம்பி எல்லாத்தையும் அவர் தட்டுவார், நான் கண்ணை மூடிக்கிட்டு எதுன்னு சொல்லணும். எங்க வீட்டு விளையாட்டு அதான்.

கடையில மாடல் பழசாப் போன பத்திரிகை அட்டை நெறைய மிஞ்சும். பின்பக்கம் வெள்ளையா இருக்கும். அதுலதான் குறிப்பு. கெட்டி அட்டைங்கறதால தொடை மேல வச்சு இருட்டுல எழுதலாம். நோட்டுன்னா பக்கம் புரட்டுற சத்தத்துக்கு முன் வரிசை மாமி திரும்பிப் பாப்பாங்க. ஒரு கச்சேரிக்கு நாலு அட்டை. முன்பக்கம் பிள்ளையாரும் மாவிலைத் தோரணமும், பின்பக்கம் 'தோடி நீளம், வயலின் பிரமாதம், பசிக்குது'ன்னு இருக்கும்.

மார்கழியில மத்தியானம் டிக்கெட் இல்லாத கச்சேரியாப் பாத்துப் போவேன். 2019-ல வண்ணாரப்பேட்டையிலிருந்து ஏஜி-டிஎம்எஸ் வரைக்கும் மெட்ரோ ஓட ஆரம்பிச்சதுக்கு அப்புறம் போக்குவரத்து சுலபம். மத்த மாசமெல்லாம் டிவி. டிவிக்கு எழுதறது சொகுசு வேலைங்க. லுங்கியைக் கட்டிக்கிட்டு, பக்கத்துல காராசேவு, கையில ரிமோட். ஒரு பொண்ணு அனுபல்லவியில சறுக்கினா பின்னாடி தள்ளி மூணு தடவை கேக்கலாம். கேட்டுட்டு 'ரெண்டாவது வரியில காந்தாரம் பிசிறடிச்சது'ன்னு பெரிய மனுஷன் மாதிரி எழுதலாம். அந்தப் பொண்ணு எங்கயோ இருக்கு, நான் எங்கயோ இருக்கேன். ஒரு தடவை கூட யாரும் என் வீட்டுக் கதவைத் தட்டினதில்ல.

இப்போ விஷயம். ஆடி மாசம் எங்க பக்கத்துத் தெரு அம்மன் கோயில்ல கூழ் ஊத்தினாங்க. ஞாயித்துக்கிழமை ராத்திரி மெல்லிசை. கீபோர்டு, ரிதம் பேட், டோலக், ஒரு பேஸ் கித்தார், ரெண்டு ஆம்பள குரல், ஒரு பொம்பள குரல். பத்து மணிக்கு மேல மைக் கூடாதுங்கறதால எல்லாமே ஓட்டம். நானும் அட்டையோட போய் நின்னேன். இடைவேளைக்கு அப்புறம் அந்தப் பொண்ணு பாடின மூணு பாட்டும் சுருதியில நிக்கல. நல்லாவே இறங்கிப் பாடுச்சு. மறுநாள் எழுதினேன். நான் எழுதினதை அப்படியே போடறேன்:

'பாடகிக்குக் குரல் இருக்கிறது, சுருதி ஞானம் இல்லை. பக்கவாத்தியம் ஒரு வீட்டில், இவர் பக்கத்து வீட்டில். போதாக்குறைக்குப் பெரிய வித்வான் போல அடிக்கடி காதைப் பொத்திக்கொள்ளும் பாவனை வேறு.'

அந்த 'பக்கத்து வீடு' வரியை எழுதினப்போ எனக்கே சிரிப்பு. நெறைய பேர் ரசிச்சாங்க.

மூணு வாரம் கழிச்சு டீக்கடையில ஒருத்தர் பக்கத்துல வந்து நின்னார். காசிமேட்டுல ஐஸ் உடைக்கிற வேலை, கை ரெண்டும் வெளுத்துப் போயிருக்கும், தெரு முனையில தினமும் பாக்கற முகம்தான். 'நீங்கதானே தம்பி பாட்டு பத்தியெல்லாம் எழுதறது? பாப்பா காட்டுச்சு. நல்லாத்தான் எழுதியிருக்கீங்க'ன்னார். அந்தப் பொண்ணோட அப்பா. சண்டைக்கு வரல. அடுத்து ஒரு கோயில் கமிட்டியில பேசின 2000 ரூபாயில 500 குறைச்சுட்டாங்களாம். போன்ல நான் எழுதினதைக் காட்டி, 'பாரும்மா, ஊரே சொல்லுது'ன்னாங்களாம். அதையும் கோவமாச் சொல்லல. வெல ஏறிப்போச்சுன்னு சொல்ற மாதிரி சொன்னார். என் டீக்கும் சேத்து அவரே காசு குடுத்துட்டார்.

அன்னையிலிருந்து ஒரு வரி எழுத முடியல. கேள்வி இதான். ஒண்ணு, அதை எடுத்துடலாமா? ரெண்டு, டிவியில வர்றவங்களையும் சபாவுல பாடறவங்களையும் எழுதற மாதிரி தெருவுல பாடறவங்களை எழுதலாமா கூடாதா? இரக்கப்பட்டு நல்லா இருந்துச்சுன்னு பொய் எழுதவும் கை வரல. அன்னிக்கு சுருதி சேரல, அது சத்தியம்.

---

ரிமோட் கையில் எழுதியது:

எடுத்துடுங்க சார். 500 ரூபாய் விஷயம். மேடை ஏறிட்டா விமர்சனம் வரும்னு அவங்களும் தெரிஞ்சுக்கணும்தான், இருந்தாலும் எடுத்துடுங்க. டிவிக்கு எழுதுங்க, அதுதான் உங்களுக்கு நல்லா வருது. காராசேவு எந்தக் கடை?

---

மைக்செட் வியாசர்பாடி எழுதியது:

நைனா, மொதல்ல ஒண்ணு சொல்லு. நீ எங்க நின்னுக்கினு கேட்ட? அதை எழுதவே இல்லியே நீ. சொம்பு தட்டுன கதையெல்லாம் இருக்கு, நின்ன எடம் இல்ல.

நான் இருவத்தி ரெண்டு வருஷமா மைக் செட்டு ஓட்றேன். அன்னிக்கு ஓடுனது என் செட்டு இல்ல, ஆனா ஓட்டுன பையன் நம்மகிட்ட தொழில் கத்துக்கினவன். நீ எழுதினதப் படிச்சதும் அவனுக்குப் போன் போட்டேன். இடைவேள அப்போ கரண்டு போயி ஜெனரேட்டருக்கு மாத்துனானுங்களா? மாத்துனானுங்க. அப்போ பெரிய பாக்ஸு எல்லாம் வந்துச்சு, மேடை மேல பாடறவங்க காலாண்ட வெச்சிருப்பாங்களே சாய்ச்சு, அந்த மானிட்டரோட ஆம்ப்ளிஃபையர் வர்ல. ஃபியூஸு. பையன் சத்தத்த ஏத்தி எறக்கற மிக்சராண்ட கீழ ஒக்காந்துக்கினு இருக்கான், அவனுக்கு முன்னாடி பாக்ஸ்ல எல்லாம் நல்லாக் கேக்குது. அந்தப் பொண்ணு கை காட்டிச்சாம். இவன் வால்யூம் கேக்குதுன்னு நெனச்சு முன் பாக்ஸ ஏத்திட்டான். போச்சா.

மேடைல நிக்கறவங்களுக்கு மானிட்டர் இல்லன்னா இன்னா கேக்கும் தெரியுமா? பாக்ஸு ரெண்டும் ஜனத்தப் பாத்துத் திரும்பிக்கினு இருக்கும். பின்னாடி வர்றது வெறும் பேஸ், குமுகுமுன்னு. பாட்டு சத்தம் நேராப் போயி எதிர்த்தாப்ல இருக்கற மூணு மாடி வூட்டு செவுத்துல மோதித் திரும்பி வரும். அந்த வூடு ஒரு நாப்பது மீட்டர்னு வெச்சுக்கோ. போய் வர்றதுக்குக் கால் செகண்டு ஆவும். நீ பாடுன வார்த்த கால் செகண்டு கழிச்சு உன் காதுல வுழுந்தா நீ பாடுவியா? பேசவே முடியாது. அதுக்குத்தான் காதைப் பொத்தறது. ஒரு காத அடச்சா தன் தொண்ட சத்தம் மண்டைக்குள்ள கேக்கும். அத வெச்சு ஓட்டும். பெரிய வித்வானும் அதுக்குத்தான் பொத்துவாரு, பாவனைக்கு இல்ல.

நீ அதப் பாத்திருக்க, எழுதியும் இருக்க. ஆனா கிண்டலா எழுதிக்கிற. அதான் எனக்குக் கோவம். வேற ஒண்ணும் இல்ல.

எடுக்கச் சொல்ல மாட்டேன். எங்க நின்னேன்னு மேல ஒரு வரி போடு. சபாக்குப் போறியே, அங்க மூணாவது வரிசைல கேக்கறதும் பால்கனில ஃபேனுக்குக் கீழ கேக்கறதும் ஒண்ணா? அந்த ஃபேனு எத்தினி மிருதங்கத்தத் தின்னுச்சுன்னு எங்களுக்குத்தான் தெரியும்.

---

டோலக் புளியந்தோப்பு எழுதியது:

அண்ணே, சொல்லலாமா வேணாமான்னு ரெண்டு நாளா யோசிச்சேன். அன்னிக்கு அந்த மேடையில டோலக் நான்தான்.

மைக்செட் அண்ணன் சொன்னது பாதி. மீதி நான் சொல்றேன், பேரு கேக்காதீங்க. இடைவேளைக்கு முன்னாடி கடைசிப் பாட்டு ஆம்பள பாட்டு. அதுக்குக் கீபோர்டுல சுருதியை ஒரு கட்டம் ஏத்தி வெச்சாங்க. பட்டன் அமுக்கினா போதும், அதே கட்டையில விரல் வெச்சாலும் அரை சுரம் மேல பேசும். இடைவேளையில எல்லாரும் பிரியாணி சாப்பிடப் போயிட்டோம். திரும்பி வந்து அதை எறக்க மறந்துட்டாங்க. பாப்பா ரிகர்சல் பண்ணின எடத்துலயேதான் பாடுச்சு. நாங்கதான் மேல இருந்தோம். மானிட்டர் இருந்திருந்தா ஒரு வரியில கண்டுபிடிச்சு எங்க கூடவே வந்திருக்கும், அதுக்கு அந்தக் காது உண்டு. மூணாவது பாட்டுலதான் கீபோர்டுகாரருக்கே தெரிஞ்சுது. அதுக்குள்ள மணி ஒம்போது அம்பது.

அப்போ பக்கத்து வீட்டுல இருந்தது நாங்க அண்ணே. பாப்பா அது வீட்டுலயேதான் இருந்துச்சு.

எழுதறதை மட்டும் நிறுத்தாதீங்க. எங்களைப் பத்தி யாரு எழுதறா? நான் கானாவுக்கும் வாசிப்பேன். சாவு வீட்டுல ராத்திரி பதினோரு மணிக்கு ஒக்காந்தா விடிய விடிய ஓடும். அங்க விமர்சனம் எப்படின்னா, செத்தவரு பேரை பாட்டுல கோத்து எடுக்கும்போது அந்த வீட்டுப் பொம்பளைங்க பக்கம் பாப்போம். அழுகை நின்னு கேக்க ஆரம்பிச்சா பாட்டு நிக்குதுன்னு அர்த்தம். கேக்கறவங்க டீ குடிக்க எழுந்துட்டா பாட்டு மாத்தணும். பேப்பர்ல எல்லாம் வராது. 2018 ஜனவரியில கீழ்ப்பாக்கத்துல கேஸ்ட்லெஸ் கலெக்டிவ்ங்கற இசைக்குழு மேடை போட்டப்போ கானா பாடறவங்க பேரையும் பாட்டையும் பத்தி இங்கிலீஷ் பேப்பர்காரங்க கூட எழுதினாங்க. அதுக்கு முன்னாடி எங்களைப் பத்தி வந்தது பெரும்பாலும் வேற பக்கத்துல.

திட்டி எழுதினாலும் பரவால்ல. ஆனா டோலக் எப்படி இருந்துச்சுன்னு ஒரு வரி கூட நீங்க எழுதல, அதான் வருத்தம்.

---

ஒற்றியூரான் எழுதியது:

தம்பி பத்திரிகை அட்டைக்கு,

எனக்கு எழுபத்தி நான்கு வயது. திருவொற்றியூர் தேரடிப் பக்கம். உங்கள் எழுத்தைத் தொடர்ந்து படிப்பவன். பல இடங்களில் நாக்கின் நீளம் காதின் நீளத்தைத் தாண்டுகிறது என்று முன்பே சொல்ல நினைத்ததுண்டு.

அது உங்கள் குற்றம் மட்டுமில்லை. தமிழில் இசை விமர்சனம் பிறந்ததே குத்தலோடுதான். ஆனந்த விகடனில் 'கர்நாடகம்' என்ற பெயரில் கல்கி எழுதியதைச் சங்கீதம் தெரியாதவர்களும் வாய்விட்டுப் படித்தார்கள். பிறகு சுப்புடு. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் பர்மாவிலிருந்து வந்தவர் அவர், நம் கடற்கரை ரயிலடியில் விற்கும் பர்மா நூடுல்ஸான அத்தோவுக்கும் அவருக்கும் பூர்வீகம் ஒன்று என்று நண்பர்களிடம் வேடிக்கையாகச் சொல்வேன். டில்லியில் அரசாங்க வேலை பார்த்துக்கொண்டே டிசம்பரில் இங்கே வந்து எழுதுவார். மறுநாள் காலையில் யாருக்கு என்ன விழுந்தது என்று பார்ப்பதற்கென்றே பேப்பர் வாங்கியவர்கள் உண்டு. நானும் வாங்கினேன். ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். அவர் அடித்தது பட்டமும் சால்வையும் குவிந்து கிடந்தவர்களை. அடி வாங்கியவருக்கு அடுத்த நாளும் கச்சேரி இருந்தது, அதே சம்பளத்தில். அந்த நடையை எடுத்துக்கொண்டு வந்து இரண்டாயிரம் ரூபாய்ப் பாடகியின் மேல் பிரயோகம் செய்திருக்கிறீர்கள்.

மைக் செட்டு நண்பர் கேட்ட கேள்வி சாதாரணக் கேள்வியில்லை. ஜார்ஜ் டவுனில் ராமகிருஷ்ண செட்டித் தெருவில் வீணை தனம்மாள் வெள்ளிக்கிழமைதோறும் வீட்டில் வாசிப்பார். 1938-இல் காலமானவர், நான் கேட்டதில்லை. கேட்ட பெரியவர்கள் சொல்லித்தான் தெரியும். சின்ன நாதம். யாராவது இருமினால் ஒரு கமகம், அதாவது சுரத்தின் நுண்ணிய அசைவு, போயிற்று. வாத்தியத்துக்குப் பக்கத்தில் இடம் கிடைத்தவனுக்கு ஒரு கச்சேரி, நடையில் நின்றவனுக்கு வேறொரு கச்சேரி. இருவரும் வெளியே வந்து பேசிக்கொள்ளும்போது நீ எங்கே உட்கார்ந்திருந்தாய் என்றுதான் முதலில் கேட்டுக்கொள்வார்களாம்.

இன்னொன்று. டிசம்பரில் எந்தப் பத்திரிகையின் சங்கீதப் பக்கத்தையும் விரித்துப் பாருங்கள். கூவத்துக்கு வடக்கே அநேகமாக ஒன்றும் இருக்காது. தியாகராஜர் தம் சீடர் வீணை குப்பய்யரின் அழைப்பில் வந்து அம்மன் திரிபுரசுந்தரி மேல் ஐந்து கிருதிகள் பாடியது எங்கள் ஊரில். முத்துசாமி தீட்சிதரின் தகப்பனார் குடும்பத்தோடு வந்து தங்கியது மணலியில், முத்துகிருஷ்ண முதலியார் ஆதரவில். இன்றைக்கு மணலி என்றால் எண்ணெய் ஆலை நாற்றம்தான் ஞாபகம் வருகிறது என்பது வேறு விஷயம். இந்தப் பக்கத்துக் கோயில் மேடையில் என்ன பாடப்பட்டது, யார் பாடினார்கள் என்பதற்கு உங்கள் அட்டைகளைத் தவிர வேறு எழுத்து இல்லை. ஆகவே கிழித்துப் போடாதீர்கள். திருத்துங்கள்.

---

வெட்டி ஒட்டுபவன் எழுதியது:

நான் பெரம்பூர். எடிட்டிங்தான் தொழில். பாட்டு ரியாலிட்டி ஷோவுல ரெண்டு சீசன் உக்காந்திருக்கேன், எதுன்னு சொல்லப் போறதில்ல. எல்லாரும் தெருக் கச்சேரி பத்தியே பேசறீங்க. நான் அந்த ரிமோட் விஷயத்துக்கு வர்றேன், ஏன்னா அங்கதான் அண்ணன் ரொம்ப தைரியமா இருக்கார்.

அனுபல்லவியில சறுக்கினதை மூணு தடவை தள்ளிப் பாத்தேன்னு சொன்னீங்க. நீங்க மூணு தடவை கேட்டது ஒருவேளை நான் விட்டு வச்ச சறுக்கலா இருக்கும். ரெக்கார்ட் பண்ற நிகழ்ச்சியில குரல் தனி ட்ராக், ஒவ்வொரு வாத்தியமும் தனி ட்ராக். அப்புறம் உக்காந்து மிக்ஸ் பண்ணுவாங்க. சுருதி தள்ளாடினா சாஃப்ட்வேர்ல இழுத்து நேர் பண்ணலாம், நல்லா வந்த வரியை இன்னொரு டேக்ல இருந்து எடுத்தும் ஒட்டலாம். யாருக்குப் பண்ணணும், யாருக்கு அப்படியே விடணும்கறது நான் எடுக்கற முடிவு இல்ல. மேல இருந்து வரும். அதனால 'இந்தப் பொண்ணு பிசிறடிச்சது, அந்தப் பையன் சுத்தம்'னு நீங்க ராத்திரி பதினோரு மணிக்கு எழுதும்போது எனக்குச் சிரிப்பா வரும். அந்தப் பையனோட சுத்தம் ஒரு ராத்திரி முழுக்க நான் முழிச்சிருந்து பண்ணினது.

நடுவர் கண் கலங்கறது இருக்கே, அதுவும் அந்தப் பாட்டுக்குத்தான்னு இல்ல. நானே ஒரு தடவை காலையில பாடின ஒருத்தருக்கு வந்த கண்ணீரை சாயங்காலம் பாடினவருக்கு வச்சிருக்கேன். பெருமையாச் சொல்லல. இனிமே பாக்கும்போது நடுவர் முன்னாடி இருக்கற தண்ணி பாட்டிலைப் பாருங்க. பாட்டு ஆரம்பிக்கும்போது பாதி இருக்கும், சரணத்துல முழுசா இருக்கும், முடியும்போது முக்கால். பூ வச்சவங்களா இருந்தா இன்னும் சுலபம், மல்லி காலையில ஒரு நிறம், ராத்திரி ஒரு நிறம்.

டிவி பத்தி எழுதாதீங்கன்னு சொல்லல. எழுதற விஷயத்தை மாத்துங்க. பாட்டை எங்க வெட்டினாங்க, பாடினவரோட அப்பா ஆட்டோ ஓட்டறதை எத்தனை தடவை காட்டினாங்க, தனி வாத்தியம் வந்தா ஏன் உடனே தொகுப்பாளர் முகத்துக்குப் போறாங்க, இதெல்லாம் நீங்க பிடிக்கலாம், இதுக்கு ரிமோட் உதவும். குரலுக்கு மார்க் போடணும்னா தெருவுக்கே போங்க. அங்க நான் இல்ல.

ஒரு வித்தியாசம் மட்டும் சொல்றேன். மைக்செட் அண்ணன் நீ எங்க நின்னன்னு கேட்டார். டிவியில எல்லாருக்கும் ஒரே இடம்தான், அந்த நாற்காலியை இழுத்துப் போட்டது நாங்க.

---

பத்திரிகை அட்டை எழுதியது:

எல்லாருக்கும் நன்றி. ரெண்டு நாள் பதில் போடல. பழைய அட்டையெல்லாம் பரண்லேர்ந்து இறக்கிப் பாத்துட்டிருந்தேன்.

மைக்செட் அண்ணே, நான் நின்னது மேடைக்கு இடது பக்கம், பாக்ஸுக்கு நேரா ஒரு பத்தடி, கரும்பு ஜூஸ் வண்டிக்கும் பாக்ஸுக்கும் நடுவுல. கூட்டம் இல்லாத இடமாத் தேடி நின்னேன். ஏன் கூட்டம் இல்லன்னு அப்போ யோசிக்கல. அந்த பாக்ஸ்ல கீபோர்டுதான் தூக்கலா இருந்துச்சு, டோலக் சுத்தமா வரல. புளியந்தோப்பு தம்பி, உங்களைப் பத்தி ஒரு வரி எழுதாததுக்குக் காரணம் அதான். எனக்கு நீங்க கேக்கவே இல்ல. ஆனா அட்டையில நான் 'தாள வாத்தியம் ஒடுங்கியே இருந்தது'ன்னு எழுதி வச்சிருக்கேன். நல்லவேளை, எடம் பத்தாம அதை விட்டுட்டேன்.

அன்னிக்கு எழுதின அட்டையைத் தேடி எடுத்தேன். மூணாவது அட்டை, முன்பக்கம் மயில் போட்டது. பின்பக்கம் வரிசையா இருக்கு: '8.55 கரண்ட் கட். 9.10 மறுபடி. பாடகி காது. கீழே பார்க்கிறார். மறுபடி காது. கையால் சைகை. சுருதி கீழே. காது.' காதுன்னு மூணு தடவை எழுதியிருக்கேன். கரண்ட் போனதும் அதே அட்டையில மேல இருக்கு. பாக்க வேண்டியதெல்லாம் பாத்திருக்கேன், வீட்டுக்கு வந்து உக்காந்து 'பாவனை'ங்கற வார்த்தையை நானாச் சேத்திருக்கேன். 'பக்கத்து வீடு' வரி வரணும்னா இதெல்லாம் இடைஞ்சல்.

அப்பா இருந்திருந்தா ரெண்டு தட்டு தட்டியிருப்பார். ஒருநாள் யார்டுல ஒரு புதுப் பையன் வரிசையா நாலு சக்கரம் டொக்குன்னு கேக்குதுன்னு ஓடி வந்தானாம். அவர் அவன் கையில இருந்த சுத்தியை வாங்கிப் பாத்தா காம்பு ஆடிக்கிட்டு இருந்துச்சாம். வீட்டுல சாப்பிடும்போது சொல்லிச் சிரிச்சார். நானும் சிரிச்சேன்.

எழுதினதை எடுக்கல. மேலயே இதைச் சேத்திருக்கேன்:

'நான் நின்ற இடம்: மேடைக்கு இடது, ஒலிப்பெட்டிக்கு நேர் எதிரே பத்தடி. மின்தடைக்குப் பிறகு மேடையில் பாடகிக்கு எதுவும் கேட்கவில்லை. கீபோர்டு அரை சுரம் உயர்த்திய நிலையிலேயே இருந்தது. மூன்று பாட்டிலும் பயிற்சி செய்த சுருதியிலேயே நின்றவர் பாடகி மட்டும்தான். சுருதி ஞானம் இல்லை என்றும் பாவனை என்றும் நான் எழுதியது தவறு. டோலக்கைப் பற்றிச் சொல்ல எனக்குத் தகுதியில்லை, கேட்கவில்லை.'

அதை ஒரு பிரிண்ட் எடுத்துட்டுப் போய் அவங்க அப்பாகிட்ட குடுத்தேன். கமிட்டிகாரங்ககிட்ட காட்டட்டும்னு. வாங்கி மடிச்சுச் சட்டைப் பையில வச்சுக்கிட்டார். 'பாப்பாகிட்ட குடுத்துடறேன்'னார். 500 ரூபாய் திரும்ப வருமான்னு அவரும் பேசல, நானும் கேக்கல. டீக்கு இந்தத் தடவை நான் குடுத்தேன்.

ஒற்றியூர் ஐயா, நாக்கு நீளம்னு நீங்க சொன்னதை அட்டையில எழுதிக் கடை கல்லாவுக்கு மேல ஒட்டியிருக்கேன். முதலாளி யாரைச் சொல்றேன்னு கேட்டார்.

பெரம்பூர் நண்பருக்கு: நேத்து டிவி பாத்தேன். தண்ணி பாட்டில் சரணத்துல நிறைஞ்சுதான் போச்சு. இனிமே பாட்டு எங்க காதுல விழப் போகுது, பாட்டிலைத்தான் பாப்பேன். நல்ல வேலை பண்ணினீங்க போங்க.

வர்ற ஞாயித்துக்கிழமை தண்டையார்பேட்டை பக்கம் ஒரு கோயில்ல மெல்லிசை, அதே குழு. மைக்செட் அண்ணே, அங்க செட்டு உங்களுதுன்னு கேள்விப்பட்டேன். மிக்சர் பக்கத்துல அரை மணி, மேடைக்குப் பின்னாடி அரை மணி, நடுக் கூட்டத்துல மீதின்னு நின்னு கேக்கலாம்னு இருக்கேன். ஒரு பாட்டு நேரம் மானிட்டர் எதிர்ல நிக்க விடுவீங்களா? ஏழு மணின்னு நோட்டீஸ்ல போட்டிருக்கு. ஆறரைக்கே வந்துடறேன்.

---

மைக்செட் வியாசர்பாடி எழுதியது:

நோட்டீஸ்ல ஏழுன்னா எட்டரைக்குத்தான் மொதப் பாட்டு. சாப்ட்டு வா. கேபிளாண்ட காலு வெக்காத.